சமையலறைக் கல்லுக்கு அடியில் ஒரு பெயர்

நார்த்விச்,
12 மார்ச் 1961

அன்பு மகள் டோரீனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நன்றாகவே இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பெர்த் வெயிலில் வாடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பெல்லாம். அப்பாவுக்கு முழங்கால் வலி போகவில்லை, சொன்னால் கேட்கிற ஆளும் இல்லை. வீடு மறுபடி பின்பக்கம் இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது. ஊருக்கு அடியில் இருக்கிற உப்பைக் கம்பெனிக்காரர்கள் கரைத்து எடுத்துக்கொண்டே இருந்தால் இறங்காமல் என்ன செய்யும்? ஜாக்கி வைத்துத் தூக்க ஆட்கள் வந்தார்கள். அவர்கள் சமையலறைச் சுவரை ஒட்டித் தோண்டிய குழியில் ஈயத் தகடு ஏழு துண்டு கிடைத்தது. புகைபோக்கியைச் சுற்றி மழை ஒழுகுகிற இடத்தில் அடிக்க ஆகும் என்று அப்பா சுத்தியலை எடுத்துவிட்டார். நான் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தால் ஒரு துண்டில் எழுத்து. “ஒழுகறது நிக்கணுமா, இல்ல நீ கிறுக்கல் படிக்கணுமா?” என்று கத்தினார். நான் தேநீர்க் கோப்பையோடு அந்தத் தகட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன், அவர் வேலைக்குப் போகிறவரை எழுந்திருக்கவில்லை.

செஸ்டர் அருங்காட்சியகத்துக்கு எழுதிப் போட்டேன். மிஸ் டாரன்ட் என்று ஒரு பெண் வந்து, நல்ல பாவாடையோடு நம் சமையலறைத் தரையில் தவழ்ந்து துண்டுகளைச் சேர்த்தாள். ரோமர் காலத்தில் உப்புநீர் காய்ச்சிய தொட்டியாம். உப்பாலை என்றால் நம் தாத்தா காலத்தோடு வந்தது என்று நினைத்திருந்தேன் டோரீன், ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முன்பே இதே இடத்தில் புகை கிளம்பியிருக்கிறது! பிறகு எவனோ ஈயத்துக்காகக் கோடாலியால் வெட்டியிருக்கிறான் என்றாள். அப்பாவுக்கு ஏகக் குஷி, “பாத்தியா ஹில்டா, அவனும் என்னை மாதிரி விவரமானவன்தான்” என்றார். எழுத்து ஓர் ஆளின் பெயராம், VERIN வரை இருந்தது, மிச்சம் இருந்த மூலையைக் காணோம். ரோமர்கள் U-வையும் V என்றே எழுதுவார்களாம், அதனால் அடுத்தது V என்றால் வெரீனஸ், ஆண். A என்றால் வெரீனா, பெண். “அனேகமா ஆம்பளைதாங்க” என்றாள் மிஸ் டாரன்ட். ஏன் பெண்ணாக இருக்கக்கூடாது என்று கேட்டேன். “இருக்கக்கூடாதுன்னு இல்லைங்க, ஆனா இதுவரைக்கும் நான் பாத்ததில்ல” என்றாள்.

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை குழியில் கான்கிரீட் ஊற்றுவதாக இருந்தது, அப்புறம் அந்த மூலையை யார் தேடுவது? அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவராகவே ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் கடப்பாரையால் குழியை ஒட்டிய சமையலறைத் தரைக்கல்லைப் பெயர்த்தார். அடியில் மண்ணே இல்லை, பொந்து. குப்புறப் படுத்துத் தோள் வரை கையை விட்டுத் துழாவினார், நான் காலைப் பிடித்துக்கொண்டேன், வீடு எங்கேயோ ஒரு முனகல் முனகியது. “போதும், எழுந்திரிங்க” என்று அழுதேவிட்டேன். “சும்மா இரு, ஏதோ தட்டுப்படுது” என்றார். வெளியே எடுத்து, மண்ணைத் துடைத்து, “V! ஆம்பளைதான், போ” என்று சிரித்தார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இருந்தாலும் வாங்கி வெட்டுவாயோடு பொருத்திப் பார்த்தேன். V-யாகப் பிடித்தால் சேரவில்லை, தலைகீழாகத் திருப்பினால்தான் சேர்ந்தது. V கவிழ்ந்தால் என்ன? அந்தக் காலத்து A-வுக்கு நடுக்கோடு போட மாட்டார்களாம். வெரீனா!

அவள் முதலாளியா, யாருடைய மனைவி, கை எப்படி இருந்திருக்கும் என்று மிஸ் டாரன்டுக்கும் தெரியவில்லை, நானும் யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன். அப்பா அன்றைக்கு வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்து அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “கல்யாணத்துக்கு முன்னாடி நீ உப்பாலையில மூட்டை கட்டினியே, எத்தனை வருஷம்?” என்றார். இருபத்தாறு வருஷத்தில் அவர் கேட்டதே இல்லை. பதினொன்று என்றேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் மனம் ஒத்து வாழ வேண்டும். மாப்பிள்ளையின் கால் அளவை மறக்காமல் எழுது, காலுறை பின்ன நூல் வாங்கி வைத்திருக்கிறேன்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
ஹில்டா யார்வுட்