கண்ணாடியில் வைத்த பொட்டு

அக். 20, சனி. ஆயுத பூஜை.

காலையிலிருந்து தூறல். குடைக் கம்பி உடைந்துவிட்டது. வாலாஜாபாத் சாலையில் ரங்கராஜன் பட்டறை, பூஜைக்கு அழைப்பு. செய்திக்கு அல்ல, சுண்டலுக்கு.

லேசர் இயந்திரத்தை முதன்முறையாக நிதானமாகப் பார்த்தேன். காரின் முன்பலகை பிளாஸ்டிக்கில் தோல் போல ஒரு சொரசொரப்பு இருக்கிறதே, அதை முதலில் எஃகு அச்சில் செதுக்க வேண்டும். தலைமுடியைவிட நுண்ணிய குழிகள், எல்லாம் ஒரே ஆழத்தில். இயக்குவது ஸ்டெல்லா. ஊர் பெருநகர் கிராமம், பாலிடெக்னிக் படிப்பு. அப்பா அம்மா கழனியில் கூலி வேலை.

ஒளிக்கற்றைக்கு நடுவில் சூடு அதிகம், ஓரத்தில் குறைவு. அப்படியே விட்டால் குழி கிண்ணம் போலாகும். அதை மட்டமான சதுரமாக்குவது ஒரு ரூபாய் நாணய அளவுள்ள கண்ணாடி. அதில் நூற்றுக்கணக்கான பொடி லென்சுகள். ஸ்டெல்லா சொன்னது, அப்படியே: "தோசை மாவை ஊத்தினா நடுவுல குமிஞ்சிக்கினு கீது இல்ல சார்? கரண்டியால தேய்ச்சி சமம் பண்றோமே, அந்த வேலைய இது பண்ணுது. மெசினுல இதான் முக்கியம்."

முப்பது வருட நிருபர் வேலையில் எந்த அதிகாரியும் எனக்கு எதையும் இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை.

கணினி, கடைசல் இயந்திரம், துடைப்பம், எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. கண்ணாடியையும் கழற்றி இலையில் வைக்கச் சொன்னார் ரங்கராஜன். என் பேனாவுக்கும் ஒரு பொட்டு. சுண்டலில் உப்பு கம்மி.

அக். 22, திங்கள்.

வெயில். தபால் நிலையம். குடை ரிப்பேர்க்காரர் கடை மூடியிருந்தது.

பட்டறையில் எல்லார் முகமும் சரியில்லை. நேற்று விஜயதசமி, நல்ல நேரத்தில் வேலை தொடங்க வேண்டுமே. ஸ்டெல்லா சர்ச்சில். ரங்கராஜனே கண்ணாடியை வேட்டி முனையால் துடைத்து, மாட்டி, இயந்திரத்தை ஓட்டிவிட்டாராம். இன்று சோதனைத் தகடு பார்த்தால் குழிகள் பாதி ஆழம்கூட இல்லை, ஓரமெல்லாம் கலங்கல். பம்பு செட்டுகளால் கரண்ட் இறங்கிவிட்டது என்றார் ரங்கராஜன். ஸ்டெல்லா மூடியைத் திறந்தாள். கண்ணாடியின் நடுவே கருகிய சந்தனம்.

ரங்கராஜனே சொன்னார்: "நீதானம்மா இதான் முக்கியம்னு சொன்னே. அதான் அதுக்கு மொதல்ல வச்சேன்."

புதுக் கண்ணாடி ஜெர்மனியிலிருந்து வர ஆறு வாரம். இயந்திரத்தைக் கொடுத்துவைத்திருக்கும் சென்னைக் கம்பெனிக்காரர்கள் புதன்கிழமை மாதிரித் தகடு பார்க்க வருகிறார்கள். பிடிக்காவிட்டால் இயந்திரம் அவர்களுடைய ஓசூர்க் கிளைக்கு. மகளை அழைத்துப்போக வந்திருந்த ஸ்டெல்லாவின் அப்பாவைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். இயந்திரத்தோடு ஓசூருக்கு மகளை அனுப்ப மாட்டாராம். வேலையை விட்டுவிடட்டும் என்கிறார்.

அக். 23, செவ்வாய்.

மேகமூட்டம். 11 மணிக்குப் பட்டறை. எனக்கு அங்கே வேலை இல்லை. போகாமல் இருக்க முடியவில்லை.

ஸ்டெல்லா பூதக்கண்ணாடியும் கையுமாக. கருகிய இடம் மிளகளவு. ஒளிக்கற்றை வேர்க்கடலைப் பருப்பளவு. பொடி லென்சுகள் எல்லாம் ஒரே அச்சு. "நடுவுலதான் லைட்டு பூரணும்னு இன்னா சட்டமா சார்? எந்தப் பக்கம் பூந்தாலும் இது ஒரே மாதிரிதான் தேய்க்கும்." கண்ணாடியை ஒரு பக்கமாக நகர்த்தினால் போதும். ஆனால் அதைத் தாங்கும் உலோகப் பிடிப்பானில் நகர இடமில்லை. அரத்தை எடுத்து இரண்டு மணி நேரம் ராவினாள். அவசரமே இல்லை. ராவுவதும் அளப்பதும், ராவுவதும் அளப்பதும். ரங்கராஜன் டார்ச் பிடித்தார்.

வாட்ச்மேன் கன்னியப்பன் என் காதில்: "அடுத்த வருசம் மொதலாளி கையைக் கட்டிப்புட்டுதான் சார் பூஜ."

3.40. புதுத் தகடு. ஒன்பது இடத்தில் அளந்தாள், ஒன்பதும் ஒரே ஆழம். சாய்த்துப் பிடித்தால் பட்டுத்துணி மாதிரி மினுங்குகிறது. தொட்டுப் பார்க்கக் கேட்டேன். கை கழுவிவிட்டு வரச் சொன்னாள்.

அக். 24, புதன்.

மழை. குடையில்லாமல் நனைந்தபடி.

இரண்டு பேர் வந்தார்கள். பெரியவர் தகட்டை நகத்தால் தடவினார், பிறகு லென்ஸ் வைத்துக் கால் மணி நேரம் பார்த்தார். ரங்கராஜன் ஐந்து தடவை காபி வேண்டுமா என்று கேட்டார். கடைசியில், செதுக்க வேண்டிய முதல் அச்சை அடுத்த வாரம் இங்கே அனுப்புவதாகச் சொன்னார்கள். யார் செய்தது என்றும் கேட்டார்கள். ரங்கராஜன் ஸ்டெல்லாவை முன்னே வரச் சொல்லிவிட்டு, தன் பொட்டுக் கதையையும் தானே சொல்லிவிட்டார். பெரியவர் சிரிக்கவில்லை. பிடிப்பானைக் கழற்றிக் காட்டச் சொல்லி, அரம் போட்ட இடத்தை வெகுநேரம் பார்த்தார்.

கண்ணாடிப் பெட்டி மேல் இப்போது ஒரு சீட்டு, ஸ்டெல்லா கையெழுத்து: "சாமி கும்பிடலாம். பொட்டு வெளியே." கீழே ரங்கராஜன் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

5.15, பேருந்து நிலையம். அவள் அப்பா மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தார். அவராக எதுவும் கேட்கவில்லை. ஸ்டெல்லாதான் சொன்னாள்: "மெசினு இங்கியேதான் நைனா."

அவர் துண்டை உதறி அவள் தலையில் போட்டார். பெருநகர் வண்டி வந்துவிட்டது.