நகராத நத்தை

இன்று காலை உன் கடல் தண்ணீர்க் கிண்ணத்தைத் துடைக்கும்போது, தண்ணீர் அளவுக்கு நீ ஒட்டிய மஞ்சள் டேப் என் விரலோடு வந்துவிட்டது. ஃபேக்டரியில் சர்க்யூட் போர்டுகளுக்கு ஒட்டுவோமே, அதே டேப். ஒரு விரல் நீளம்கூட இல்லை. உப்புப் பட்டுப் பட்டு ஓரமெல்லாம் வெள்ளை பூத்து, பசை எப்போதோ செத்துப் போயிருந்தது. ஒரு கையில் டேப்பும் ஒரு கையில் துணியுமாக ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன். கீழே ஜெலுத்தோங் பாசாரில் காய்கறி வாங்கித் திரும்புகிறவர்களின் மோட்டார் சத்தம். "கோடு வரைக்கும்தான். அதுக்கு மேலயும் வேணாம், கீழயும் வேணாம்" என்று சொல்லிக்கொண்டே நீ இதை ஒட்டியது ஞாபகம் வந்தது.

நீ போய் ஒன்றரை வருடம் ஆகப் போகிறது. இந்த மடலை அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதாததற்கு என்னிடம் நல்ல நல்ல காரணங்கள் இருந்தன. எனக்குக் காரணத்துக்கு என்றைக்குப் பஞ்சம் வந்திருக்கிறது, உனக்குத் தெரியாதா.

கிண்ணம் நன்றாக இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ பொத்தான் பூ என்பாயே, அந்தப் பவளங்கள் பாறையின் ஒரு பக்கம் முழுக்க மூடிவிட்டன. நடுவில் பச்சை, சுற்றிலும் ஊதா. விளக்கைப் போட்டுப் பத்து நிமிடத்தில் ஒவ்வொன்றாக விரியும். காளான் பவளம் ஒன்று குட்டி போட்டுக் கண்ணாடி வரைக்கும் வந்து ஒட்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் குனிந்து பார்த்துவிட்டு, "அவங்க விட்டுட்டுப் போனத என்ன அழகா வச்சிருக்கீங்க, உங்க கைராசி" என்கிறார்கள். நானும் தலையாட்டிக்கொள்கிறேன். ஆட்டிவிட்டு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காமல் கிடப்பேன்.

நீ முதன்முதலில் "வீட்டுக்குள்ள கடல் வைக்கப் போறேன்" என்றபோது நான் சிரித்தது அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். ஃபேக்டரியில் நம் லைனை மூடி, ஒரு கேக் வெட்டி, ஆளுக்கொரு கைக்கடிகாரம் கொடுத்து அனுப்பிய பிறகு, நான் மெத்தையில் படுத்து நாடகம் பார்த்தேன். நீ வளர்ப்பு மீன் விற்கிற கடை கடையாக அலைந்தாய். "ஏன்டி, பஸ் ஏறினா பத்து நிமிஷத்துல கடல். அத எதுக்கு வீட்டுக்குள்ள தூக்கிட்டு வர?" என்று கேட்டேன்.

"முப்பது வருஷமா மைக்ரோஸ்கோப்புல பாத்த கண்ணு. சும்மா இருன்னா இருக்குமா லா?"

உண்மைதான். நான் பேக்கிங்கில் பெட்டி ஒட்டியவள். நீ சரக்கைச் சோதிக்கிற கியூசியில் இருந்தவள். தலைமுடியில் பாதிகூட இல்லாத விரிசலைக் கண்டுபிடித்து ரிஜெக்ட் போடுவாய். மாதக் கடைசியில் சூப்பர்வைசர் வந்து பக்கத்தில் நின்று, இதை மட்டும் விட்டுவிடு என்று கெஞ்சுவார். நீ நிமிர்ந்தும் பார்க்கமாட்டாய். "கண்ணு பாத்தததான் கை எழுதும்" என்பாய். பாயான் பாருவில் நாம் ஆறு பேர் ஒரு ரூமில் கிடந்த காலத்திலிருந்து உன் வாயில் அதிகம் கேட்டது அந்த ஒரு வாக்கியம்தான். அப்போது அது எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணம், அடியில் மணல், இரண்டு கைப்பிடிப் பாறை. பாறையில் நகம் அளவு பவளத் துண்டுகள், பாசி தின்ன ஒரு நத்தை. குமிழி விடுகிற சின்ன மோட்டார் ஒன்று. நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீர் சுட்டுவிடும் என்று ஓரத்தில் ஒரு குட்டி விசிறி. மேற்கு ஜன்னலுக்கு அட்டை வைத்து மறைத்தாய். விசிறி ஓடுவதால் ஒரு நாளைக்கு அரை விரல் தண்ணீர் குறையும். கீழே மளிகைக் கடை வாசலில் இருக்கிற தண்ணீர் மெஷினில் பிடித்து வந்து தினமும் ஊற்றுவாய். ஊற்றிவிட்டுப் பூக்களை எண்ணுவாய். எண்ணிக்கையைக் காலண்டரில் பென்சிலால் எழுதுவாய். வாரத்துக்கு ஒன்றிரண்டு கூடிக்கொண்டே போகும். "சும்மா இருக்கவே தெரியாது இதுங்களுக்கு" என்று உன்னைப் பற்றிச் சொல்வதைப்போலவே சொல்வாய்.

உன் வயிற்றில் கட்டி என்று தெரிந்து, ஆபரேஷனுக்கு முதல் நாள், கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நம் மாடியின் நடைபாதையில் நடந்து வந்து என் வீட்டு மேசையில் வைத்தாய். உன்னிடம் அப்போது பலமே இல்லை. நான் தூக்குகிறேன் என்றதற்கு, "நீ அவசரக்காரி, தள்ளிப் போ" என்றாய். பிறகு போத்தல்களை வரிசையாக வைத்தாய்.

"நீல மூடி வெறும் தண்ணி. தினமும் காலையில கோடு வரைக்கும். செவப்பு மூடி உப்புத் தண்ணி. அது ஞாயித்துக்கெழம மட்டும். பழசெல்லாம் எடுத்துட்டுப் புதுசு ஊத்தணும். மாத்திடாதடி."

"எனக்கென்ன நெறம் தெரியாதா?" என்றேன்.

"நெறம் தெரியும். சொன்னாக் கேக்கத் தெரியாது."

நீ ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாள் காலை நீல மூடியைத் திறந்தேன். திறந்து கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். கடலில் வாழ்கிற ஜீவனுக்கு யாராவது குடிக்கிற தண்ணீரை ஊற்றுவார்களா? பாவம், ஆபரேஷன் பயத்தில் மாற்றிச் சொல்லிவிட்டாள் என்று நானே தீர்மானித்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நீல மூடியை மூடிவிட்டுச் சிவப்பு மூடியைத் திறந்து கோடு வரைக்கும் ஊற்றினேன். தினமும் புது உப்புத் தண்ணீர் போகிறதே, இதில் ஞாயிற்றுக்கிழமை வேறு எதற்கு மாற்றுவது என்று அதையும் விட்டுவிட்டேன். போத்தல் தீர்ந்ததும் உன் டப்பாவிலிருந்து உப்பு எடுத்துக் கரைத்தேன். தண்ணீர் எப்போதும் கோட்டிலேயே நின்றது. எனக்கு அவ்வளவு பெருமை.

மூன்றாவது வாரம் நத்தை பாறையிலிருந்து விழுந்து எழவில்லை. அடுத்த இரண்டு நாளில் காளான் பழுப்பாகக் கரைந்து ஒழுகியது. பூக்கள் எல்லாம் மூடிக்கொண்டன. கடல் வற்றும்போது நம் கரையில் சேற்று வாடை அடிக்குமே, அது என் கூடத்தில் அடித்தது. ஒரு ஜாடியில் தண்ணீரும், பாறையைத் துணியில் சுற்றியும் எடுத்துக்கொண்டு ஆயர் ஈத்தாமில் நீ வாங்குகிற மீன் கடைக்கு ஓடினேன். கடைக்காரச் சீனர் ஒரு சொட்டு எடுத்துச் சின்னக் குழாயில் வைத்துக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆன்ட்டி, இது லாவுட் இல்ல லா. இது கிச்சாப்."

கடல் இல்லை, சோயா சாஸாம். என்ன ஊற்றினாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் திட்டவில்லை. தன் அரைகுறைத் தமிழில் பொறுமையாகச் சொன்னார். "வெயில்ல தண்ணி போகும். உப்பு போகாது. நீ தண்ணி மட்டும் திருப்பிக் கொடுக்கணும். நீ டெய்லி உப்பு கொடுத்தே."

ஐம்பத்தாறு வயதில் இதுகூடத் தெரியவில்லை எனக்கு. ரசம் கொதித்து வற்றினால் கரிக்கும் என்று தெரிந்த பொம்பளைதானே நான்.

பாறையின் இடுக்கில் இரண்டு பொத்தான் மட்டும் இறுக மூடிக்கொண்டு கிடந்தன. அவை மட்டும் உயிரோடு இருக்கலாம், உப்பை ஒரே நாளில் குறைக்காதே, பெலான் பெலான், மெல்ல மெல்ல என்று அவர் சொன்னார். அந்த ஒருமுறை சொன்னதைக் கேட்டேன்.

அன்றைக்குச் சாயந்திரமே நீ போன் செய்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பி நிபோங் திபாலில் உன் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டதாகச் சொன்னாய். குரல் நூல்போல இருந்தது. "என் கடல் எப்படிடி இருக்கு? ஒரு படம் அனுப்பு" என்றாய். கிண்ணம் என் எதிரில் கலங்கிப்போய் இருந்தது. நீ கொண்டுவந்து வைத்த அன்று காலையில் நான் ஐந்து படம் எடுத்திருந்தேன். அதில் ஒன்றை அனுப்பினேன்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் அந்த ஐந்து படங்களையே மாற்றி மாற்றி அனுப்பினேன். இந்த நிலைமையில் அவளுக்கு எதற்குக் கவலை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். நீ வருத்தப்படுவாய் என்பதல்ல என் பயம். "சொன்னேன்ல" என்று நீ என்னைப் பார்ப்பாயே, அந்தப் பார்வைக்குத்தான் பயந்தேன். எப்போதும் எல்லாம் தெரிந்தவளாக உன் முன்னால் நடமாடிப் பழகிவிட்டேன்.

ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபெரியில் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து ரயிலில் உன்னைப் பார்க்க வருவேன். முன்கூடத்தில் உனக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். நான் வந்து உட்கார்ந்ததும் உன் தம்பி மனைவி கோமதியை, "அவளுக்குத் தேத்தண்ணி ஆத்திக் கொண்டா" என்று உள்ளே அனுப்பிவிடுவாய். ஒரு தடவை போனைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே, "ஏன்டி, இந்த நத்த நகரவே இல்லையே" என்றாய்.

"அதுக்கும் வயசாயிடுச்சுல்ல" என்றேன்.

நீ சிரித்தாய். வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நானும் சிரித்தேன். சமாளித்துவிட்டேன் என்று ரயிலில் திரும்பும்போது எனக்கு நிம்மதிகூட இருந்தது.

இன்னொரு தடவை, "பூ எத்தன?" என்று கேட்டாய். பதினாலு என்றேன். "போன மாசமும் பதினாலுதானே." வெயில் அதிகம், அதனால் குட்டி போடவில்லை என்றேன். "நீல மூடிதானே ஊத்துற?" நீல மூடிதான் என்றேன். அப்போது உண்மையாகவே நீல மூடிதான் ஊற்றிக்கொண்டிருந்தேன். உயிரோடு இருந்த இரண்டு பூவுக்கு.

கடைசி முறை நான் வந்தபோது நீ மிகவும் சுருங்கிப்போயிருந்தாய். கோமதி உள்ளே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமாடி?" என்று கேட்டாய்.

வாய் வரைக்கும் வந்தது. "என்னத்த சொல்றது, ரயில்ல ஒரே கூட்டம்" என்றேன்.

"ம்ம். சரி."

பிறகு தலை வாரிவிடச் சொன்னாய். வாரிவிட்டேன். முடி கையோடு வந்ததை நீ பார்க்காமல் என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஒன்பது நாள் கழித்துப் போன் வந்தது.

உன் முதல் வருடத் திதி முடிந்த வாரம் கோமதி படையலில் வைத்த வடையும் பாயசமும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். கிண்ணத்தில் அப்போது பதினோரு பூ. குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அக்கா, இதெல்லாம் செத்துப் போச்சுன்னு அண்ணி சொன்னாங்களே. மறுபடியும் வந்துடுச்சா?"

எப்போது சொன்னாள் என்று கேட்டேன்.

"நீங்க ரெண்டாவது படம் அனுப்புனப்பவே. ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. 'நத்த அதே எடத்துல இருக்கு கோமதி, இது பழைய படம், எல்லாம் போயிருக்கும்'னாங்க. நான் வேணா போன் பண்ணிக் கேக்கட்டுமான்னேன். 'வேணாம், கேட்டா இன்னொரு பொய் சொல்லுவா. அவளா சொல்லட்டும்'னாங்க. அதனாலதான் நீங்க வரும்போதெல்லாம் என்னத் தே ஆத்த அனுப்பிடுவாங்க. நான் இருந்தா நீங்க சொல்லக் கூச்சப்படுவீங்களாம்."

நான்கு மாதம். எட்டு ஞாயிற்றுக்கிழமை. வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, நான் சொல்வதற்கு இடம் விட்டுக் காத்திருந்திருக்கிறாய். நான் ரயில் கூட்டத்தைப் பற்றிப் பேசிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்திருக்கிறேன். கிண்ணம் செத்ததற்குக்கூட நான் அறியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன சொல்ல? மாதக் கடைசியில் யார் கெஞ்சினாலும் ஒரு விரிசலை விடாதவள், அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு "சரி" என்று சொல்லி என்னை மட்டும் விட்டுவிட்டாய். அந்தச் "சரி"யைத்தான் நான் தாங்கமாட்டாமல் சுமக்கிறேன். நீ திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

கோமதியிடம் அன்றைக்கே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்து, "விடுங்கக்கா" என்றாள். அவள் விடச் சொன்னால் ஆயிற்றா? சொல்ல வேண்டியது உன்னிடம்.

அதனால் இப்போது சொல்கிறேன். உன் கடல் செத்துப் போயிற்று. நான்தான் கொன்றேன். நீல மூடி என்று நீ சரியாகத்தான் சொன்னாய். நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு உன்னிடம் பொய் சொன்னேன், ஒவ்வொரு முறையும், உன் முகத்தைப் பார்த்து. மன்னித்துவிடு என்று எழுதினால் நீ மறுபடியும் சரி என்பாய். அதனால் எழுதவில்லை.

உன் வீட்டுக் காலண்டரை வாங்கி வந்து, நீ விட்ட இடத்திலிருந்து நானும் பென்சிலால் எழுதிவருகிறேன்; அது தீர்ந்து இப்போது புதியதில். கண் பார்த்ததை மட்டும். குறைந்த நாட்களில் குறைந்தது என்றே எழுதியிருக்கிறேன். இனிமேல் கைராசி என்று யாராவது சொன்னால், உட்காரவைத்து நடந்ததைச் சொல்வதாக இருக்கிறேன். காலையில் விழுந்த டேப்பை உன் பழைய காலண்டரில், நீ கடைசியாக எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். கிண்ணத்துக்குப் புது டேப் ஒட்டவில்லை. கோடு எங்கே என்று என் கண்ணுக்குத் தெரியும்.

இன்றைய கணக்கு: பொத்தான் நாற்பத்து மூன்று. காளான் மூன்று, புதிதாக வாங்கிய ஒன்றும் அதன் குட்டிகளும். நத்தை ஒன்று. இது வேறு நத்தை, அதையும் சொல்லிவிடுகிறேன். நேற்று பாறைக்குப் பின்னால் இருந்தது. இன்று காலை கண்ணாடியில் ஏறி, உன் டேப் இருந்த இடத்துக்கு வந்திருக்கிறது.