பொய்ச் சடங்கு

சித்தி,

பக்கத்து வீட்டுப் பெண் பெரியவளாகி இன்று மூன்றாம் நாள். உளுந்தங்களி கிண்டுகிறார்கள். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் கலந்த வாசம் சுவரைத் தாண்டி வருகிறது. ஜன்னலைச் சாத்திவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுபதைத் தாண்டியவனுக்கு ஜன்னலைச் சாத்துவதே பெரிய வேலையாக இருக்கிறது.

நானும் பெரியவளாக வேண்டுமென்று அந்தக் களியை எனக்கு இரண்டு வருஷம் ஊட்டினார்கள். யுத்தம் முடிகிற சமயம். என்னோடு உப்பளத்துக்கு வந்த பெண்களெல்லாம் கல்யாணமாகிப் போயிருந்தார்கள். பதினேழு வயதாகியும் நான் மட்டும் சமையவில்லை. குரல் உடைந்தது, உதட்டுக்கு மேல் பூனைமயிர் கறுத்தது. ஊர் கேட்டால் அம்மா சளி என்பாள். கடைசியில், ஒன்றும் நடக்காமலே நடந்துவிட்டதாகச் சொல்லிச் சடங்குக்கு நாள் குறித்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். புதுக்கோட்டையில் ஒரு மாப்பிள்ளை வீடு அதற்காகக் காத்திருந்தது.

நீ அம்மாவின் தங்கை. கட்டிக்கொடுத்த எட்டாம் நாள் திரும்பி வந்து, உப்புப் பெட்டி சுமந்தே காலம் தள்ளியவள். மற்றப் பெண்கள் ஒரு பெட்டி தூக்கும் நேரத்தில் நீ இரண்டு தூக்குவாய். உன் கட்டைக் குரலை எல்லோரும் கேலி செய்தோம். நானுந்தான், எனக்கே அது வரும்வரை.

சடங்கன்று என்னை மணையில் உட்காரவைத்தார்கள். மாமா சீர்த்தட்டோடு நின்றார். அம்மா மஞ்சள் தண்ணீரை எடுத்தபோது, அளத்திலிருந்து நேராக, கால் நிறைய உப்போடு நீ வந்தாய். கூட்டத்தை விலக்கி அவள் கையைப் பிடித்தாய்.

“இந்தப் பொய்த் தண்ணியத்தான் அன்னைக்கு என் தலையிலயும் ஊத்துனிய. நானும் பொம்பள இல்ல, இதுவும் பொம்பளப் பிள்ளை இல்ல. இன்னொரு வீட்டுல போய் இது அசிங்கப்பட வேண்டாம்.”

குலவை நின்றுபோனது. நீ என் பக்கம் திரும்பி, “ஏலே, எந்திரிச்சு வாலே” என்றாய். பெண்பிள்ளைகளைக் கூப்பிடும் ‘ஏளா’வையே பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய நான் அழுதுவிட்டேன். பயத்தில் அல்ல, நிம்மதியில்.

எனக்கு முடி வெட்டி, சட்டை போட்டு, துறைமுகத்தில் மூட்டை தூக்க அனுப்பினாய். நீ சேலையிலேயே இருந்தாய். அளத்துப் பெண்கள் உன்னோடு உட்கார்ந்து கஞ்சி குடிப்பதை நிறுத்தினார்கள். ஆண்களும் சேர்க்கவில்லை. நீயும் வேட்டி கட்டிக்கொள்ளேன் என்று கேட்டேன். “அலுத்துப் போச்சுலே, இனிமே எதுக்கு” என்றாய்.

நீ போய்ச் சேர்ந்து வெகுகாலம் கழித்து ஒரு டாக்டர் விளக்கினார். ஆண் ஹார்மோனை ஆக்கித் தரும் என்சைம் ஒன்று உடம்பில் குறைவாம். ஆணாய்க் கருவானது பெண்போலப் பிறந்து, வயது வந்ததும் மாறுமாம். சொந்தத்துக்குள்ளேயே கட்டும் குடும்பங்களில் வழிவழியாக வருமாம். யார் குற்றமும் இல்லை என்றார். நீ கேட்டிருக்க வேண்டிய வார்த்தை அது.

ஆனால் என் குற்றம் ஒன்று உண்டு. அதற்கு எந்த என்சைமும் பொறுப்பில்லை. தினமும் மத்தியானம் துறைமுக வாசலுக்கு எனக்குச் சோறு கொண்டுவருவாய். ஒருநாள் என்னோடு வேலை செய்தவன் ஒருவன், “யாருலே அது” என்று கேட்டான். “தெரிஞ்ச பொம்பள” என்றேன். உனக்குக் கேட்டுவிட்டது.

மறுநாளும் வந்தாய். வாசலுக்கு வராமல், எதிரே பூவரச மரத்தடியில் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு நின்றாய். அதன்பின் வந்த நாளெல்லாம் அங்கேதான். நீ திரும்பி நடந்த பிறகே நான் போய் எடுத்தேன், சித்தி. ஒருநாளும் அதற்கு முன்னால் போகவில்லை.