நீ கூப்பிட்டபோதெல்லாம் நான் பக்கத்தில்தான் இருந்தேன்

என் கண்ணுக்கு அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. அப்பா சுகம். நான் பாதி சுகம். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதப்போகிறேன், பயந்துவிடாதே, ஆஸ்பத்திரியில் படுக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. நீ சுகமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த ஊர்க் குளிருக்குத் தடிமனாக ஒரு சட்டை வாங்கினாயா, இதையெல்லாம் ஒளிக்காமல் எழுது.

போன வாரம் நீ அப்பாவிடம், அம்மாவுக்கு எம்மேல ஏதாச்சும் கோபமா என்று கேட்டாயாம். எனக்குப் பகீர் என்றது. உன்மேல் எனக்கு என்ன கோபம்? நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மா குளிக்கிறா, அம்மா மாடியில துணி காயப்போடறா, அம்மா இப்பத்தான் கண் அசந்தா என்று அவர் சொன்னாரே, அத்தனையும் பொய். நான் அவர் பக்கத்திலேயே சோபாவில் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனிமே என்னால முடியாது, இன்னொரு தடவை குளிக்கிறான்னு சொன்னா அம்மா கரைஞ்சே போயிட்டான்னு நெனைச்சுக்குவா, நீயே எழுதிடு என்று பேனாவைக் கையில் திணித்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். மூக்குக்கண்ணாடிக் கடையில் இப்போது வேலை அதிகம், கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கிறது, மருந்து போடுங்கள் என்றால் காதில் வாங்குவதில்லை. நீ சொன்னால் கேட்பார்.

விஷயம் இதுதான். எனக்குப் போன் மணிச் சத்தம் ஆகவில்லை. உனக்குச் சிரிப்பாக இருக்கும், ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து ஊரில் உள்ளவர்களின் போனையெல்லாம் எடுத்தே தலை நரைத்தவளுக்கு வீட்டுப் போனைக் கண்டால் நடுக்கமா என்று. நடுக்கம்தான். மணி அடித்ததும் நெஞ்சு படபடக்கிறது, காது அடைக்கிறது, விரலெல்லாம் மரத்துப்போகிறது. வேலையில் ஒரு நாள் மூன்று அழைப்பு வரிசையாக வந்து நான் ஒன்றையும் எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து இருக்கைப் பெண்தான் எட்டி எடுத்தாள். மேலாளர் திட்டவில்லை. கொஞ்ச நாள் ஸ்டோர் ரூம்ல இருங்கக்கா, அதுவரைக்கும் ஒரு மனநல ஆலோசகரைப் போய்ப் பாருங்க என்றார். இப்போது நான் காலையிலிருந்து கையுறைப் பெட்டிகளை அடுக்கி வைக்கிறேன். பெட்டி பேசாது, அதனால் அதனோடு சண்டை இல்லை.

ஆலோசகரைப் பார்க்கப் போனேன். மருந்துக் கடைக்கு மேலே முதல் மாடியில் சின்ன அறை, இரண்டு நாற்காலி, எனக்குக் கை எட்டுகிற இடத்தில் டிஷ்யூ பெட்டி. அழவைக்கத் தயாராகத்தான் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், சுருட்டை முடி, மெதுவாகப் பேசினாள். நான் பஸ்ஸிலேயே எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். எங்கள் தொழிலில் முதலில் இடத்தைக் கேட்போம், பிறகு ஆள், பிறகு என்ன ஆயிற்று என்பது. அதே வரிசையில் சொல்லிவிடலாம், அரை மணியில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். இடத்தைச் சொன்னேன். ஆளைச் சொல்ல வாயைத் திறந்தேன், கீழே மருந்துக் கடையில் போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை, அடித்துக்கொண்டே இருந்தது. அவ்வளவுதான். உயிர் போகிறது என்றே நினைத்தேன் கண்ணு. மூச்சு முட்டுகிறவர்கள் எத்தனை பேருக்கு நான் சொல்லியிருப்பேன், மெதுவா உள்ள இழுங்க, மெதுவா வெளிய விடுங்க, நான் கூடவே இருக்கேன் என்று. அதில் ஒரு வார்த்தை எனக்கு உதவவில்லை. எழுந்த வேகத்தில் கைப்பை கவிழ்ந்து சில்லறை, சீப்பு, பஸ் டிக்கெட் எல்லாம் தரையில் ஓடின. நான் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் சாமான்களை எல்லாம் பொறுக்கிப் பையில் போட்டு எடுத்து வந்து எனக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தாள். எனக்கு மூச்சு சீராவதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார், கையில் ஹெல்மெட்டோடு எங்களை உரசாமல் சுவரோடு ஒட்டி மேலே ஏறினார். மானமே போய்விட்டது. உங்க நேரத்தையும் வீணாக்கிட்டேன்மா, சொல்ல வந்தது ஒண்ணையும் சொல்லலை என்றேன். அதற்கு அவள், உங்களுக்கு போன் பண்றவங்க மூச்சு முட்டிப் பேச முடியாம இருந்தா, வீணாப்போன கால்னு வெச்சுடுவீங்களா என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் அங்கே போனது வைத்தியத்துக்கு, படியில் உட்கார எங்கள் வீட்டிலேயே படி இருக்கிறது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் போனதே தண்டம், இனிமேல் போகமாட்டேன் என்றேன். புதுக் கண்ணாடி போட்டா முதல் நாள் தரை மேடு பள்ளமாத்தான் தெரியும் என்றார். எதற்கெடுத்தாலும் கடையை இழுக்காதீர்கள் என்று கத்திவிட்டேன். பாவம், எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார், அதிலும் சர்க்கரையை மறந்துவிட்டார்.

அந்த ஆலோசகரிடம் சொல்ல முடியாததை உனக்குச் சொல்லிப் பார்க்கிறேன். நடந்தது ஒரு மத்தியான வேளை. தூர ஊரிலிருந்து ஒரு பையன் கூப்பிட்டான், பையன் என்றால் உன்னைப்போல வேலைக்குப் போகிற பிள்ளை. எங்கள் ஊரில் அவன் அம்மா தனியாக இருக்கிறாளாம், அவளோடு பேசிக்கொண்டே இருந்தானாம், நடுவில் பேச்சு நின்றுவிட்டதாம். லைன் கட் ஆகலைங்க, குழாய்ல தண்ணி ஓடற சத்தம் கேக்குது, அம்மா மட்டும் பேசலை என்றான். அவனிடம் இரண்டு போன், ஒரு காதில் அவன் அம்மாவின் லைன், இன்னொரு காதில் நான். வண்டியை அனுப்பினேன். வீடு உள்ளே தாழ் போட்டிருந்தது, பக்கத்து வீட்டில் சாவி இல்லை, கதவை உடைக்க நேரமாயிற்று. அதுவரை அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், அம்மா இருக்கீங்களா, அம்மா இருக்கீங்களா என்று. என்னையும் அவன் முதலிலிருந்தே அம்மா என்றுதான் கூப்பிட்டான். யாரைக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. இருக்கேன்பா என்று ஒவ்வொரு தடவையும் நான்தான் பதில் சொன்னேன். ஒரு தடவை நான் இருக்கேன்பா என்றதும் அவன் அப்பாடா என்று மூச்சு விட்டான், அழுகையும் சிரிப்புமாக, எங்க போயிட்டீங்க, பயந்தே போயிட்டேன் என்றான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் இல்லைப்பா, நான் ஆம்புலன்ஸ் ஆபீசு என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் இருந்த அமைதியை என்னால் எழுத முடியவில்லை. அவனுடைய மற்ற போன் வழியாகக் கதவு உடைகிற சத்தம் கேட்டது, வண்டிக்காரர்களின் குரல் கேட்டது, லைன் போய்விட்டது. அந்த அம்மா பிழைத்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்களுக்குச் சொல்லமாட்டார்கள், கேட்கவும் கூடாது, அடுத்த அழைப்பை எடுக்க வேண்டும். நான் எடுத்தேன். அன்றைக்கு முழுக்க எடுத்தேன். அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டாய், போனில் உன் பெயரைப் பார்த்தேன், எடுக்க முடியவில்லை. நீ அம்மா என்பாய், அதற்கு நான் இருக்கேன் என்று சொல்ல வேண்டுமே.

இவ்வளவையும் எழுதிவிட்டுக் கடிதத்தைத் தபாலில் போடாமல் நாலைந்து நாள் வைத்திருந்தேன், கிழித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். இதற்கு நடுவில் மறுபடியும் அந்தப் பெண்ணிடம் போனேன். போகமாட்டேன் என்று சொன்னவள்தான், வேளை வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டேன். அப்பா கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூட வந்தார். நான் மேலே போனதும் அவர் மருந்துக் கடைக்காரரிடம், கொஞ்ச நேரம் போன் மணியைக் குறைச்சு வைங்க என்று கேட்டிருக்கிறார், அவரும் சரி என்று குறைத்து வைத்திருக்கிறார். இது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்ததும், வேண்டாங்க, அது அடிக்கட்டும் என்று அவளே இறங்கிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். எனக்கு வந்த கோபத்தில் பாதிக் கதையை மளமளவென்று சொல்லிவிட்டேன். குழாய் வரை சொன்னேன். பிறகு நடுக்கம் வந்தது, மறுபடியும் படிக்குத்தான் போனேன், ஆனால் இந்தத் தடவை கைப்பையை நானே எடுத்துக்கொண்டு போனேன். இதை முன்னேற்றம் என்று சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் சொல்லலாம் என்கிறாள். மீதிக் கதை அடுத்த வாரத்துக்கு இருக்கிறது.

உனக்குச் சில விஷயம், அம்மா தொல்லை பண்ணுகிறாள் என்று நினைக்காதே. பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஆள் ஒருவரிடம் ஒரு சாவி கொடுத்து வை. குளியலறைக் கதவை உள்ளே தாழ் போடாதே, நீ தனியாகத்தானே இருக்கிறாய், யார் வரப்போகிறார்கள். நீ இருக்கிற முகவரியை முழுசாக எழுதி எனக்கு அனுப்பு, எந்த மாடி, எந்தப் பக்கத்துக் கதவு என்பது வரை. அப்பா இதைப் படித்துவிட்டு, இவ மகளுக்கே வண்டி அனுப்பத் தயாராயிட்டா என்று சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

நேற்று நீ கூப்பிட்டாய். அப்பா வீட்டில் இல்லை. நான் போன்மேல் உள்ளங்கையை வைத்தேன், அது அதிர்வது தோள்வரை தெரிந்தது. மூச்சை இழுத்து விட்டு, எடுக்கலாம் என்று விரலை நகர்த்தினேன், அதற்குள் நின்றுவிட்டது. உனக்கு வேலை இருந்திருக்கும், குற்றம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கூப்பிடு. அப்பாவைக் கடைப்பக்கம் அனுப்பிவிடுகிறேன். கொஞ்ச நேரம் கூடுதலாக அடிக்க விடு கண்ணு. நான் எடுத்தாலும் உடனே பேசமாட்டேன், மூச்சுச் சத்தம்தான் கேட்கும். பயப்படாதே, நீ உன் பாட்டுக்கு ஆபீஸ் கதை சொல்லிக்கொண்டிரு.

நோய்நொடி அண்டாமல், நினைத்தது நடந்து, நல்ல தூக்கமும் நல்ல சிநேகிதமுமாக நீ நீண்ட காலம் வாழ வேண்டும். அப்பாவும் அதையேதான் சொல்லச் சொன்னார். சட்டை வாங்க மறக்காதே.

உன் அன்பு அம்மா