ஞாயிறு பதினொரு மணி

மால்மோ, ஸ்வீடன்
9 மார்ச் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: சாப்பிட்டேன், ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன், பூசைக்கும் போய்விட்டு வந்தேன். போனில் பேசினால் காற்றோடு போய்விடும், எழுதினால்தான் திரும்பத் திரும்பப் படிக்கலாம் என்பீர்களே, அதற்காகத்தான் இந்த மெயில்.

உங்கள் உதவி வேண்டும். எங்கள் கல்லூரியில் கேம் ஜாம் நடக்கிறது. ஒரு வாரத்துக்குள் ஒரு சின்ன வீடியோ கேம் செய்து முடிக்க வேண்டும், தலைப்பை அவர்களே தருவார்கள். இந்த முறை 'ஒரு சாதாரண நாள்'. நான் நம் வீட்டைச் செய்கிறேன். சுடுவது, குதிப்பது, ஜெயிப்பது எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒரு பத்து வயதுப் பெண் முத்தாபுதுப்பேட்டைத் தெருக்களில் நடந்து வீட்டுக்கு வருகிறாள். உள்ளே சுற்றிப் பார்க்கிறாள், அவ்வளவுதான். வெயிலும் சத்தமும்தான் கேமே.

எனக்குப் பத்து வயதில், அதாவது 2012இல், நம் கேட் என்ன நிறம்? சோபா வாங்குவதற்கு முன்னால் கூடத்தில் என்ன இருந்தது? மாடிக்கு எத்தனை படி? அம்மாவிடமும் கேட்டு எழுதுங்கள்.

பெனி அண்ணன் அறையை மட்டும் செய்யவில்லை. வெறும் கதவு, திறக்காது. அவன் பேச்சை எடுத்தாலே நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்று தெரியும். சாமியாராகப் படித்த குருமடத்தை விட்டு வந்தது அவன் இஷ்டம், அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் வீட்டை விட்டுப் போன பிறகு இந்தப் பதின்மூன்று வருஷத்தில் அம்மாவுக்கு ஒரு போன்கூடப் பண்ணாதவனுக்கு எதற்கு அறை?

அம்மாவுக்கு முத்தம். உங்களுக்கும்தான்.

உங்கள்
ஜாஸ்லின்


முத்தாபுதுப்பேட்டை
11 மார்ச் 2025

என் செல்ல மகள் ஜாஸ்லினுக்கு,

உன் மெயிலை இரண்டு தரம் எனக்காகவும் ஒரு தரம் உன் அம்மாவுக்காகவும் படித்தேன். "இன்னாத்துக்கு நம்ம ஊட்ட ஊரு ஒலகம் பாக்கணும்? சொவுத்துல சுண்ணாம்பு உதிந்துகினு கீது" என்கிறாள். போட்டோ இல்லை, எல்லாவற்றையும் நீயே கம்ப்யூட்டரில் வரைகிறாய் என்று விளக்கினேன். "அப்ப நல்ல பெயிண்டா அடிக்கச் சொல்லு" என்றாள்.

கேட் பச்சை. கூடத்தில் மூன்று பிரம்பு நாற்காலி. அதில் ஒன்று ஆடும், காலுக்கடியில் அட்டை மடித்து வைத்திருந்தோம். திருஇருதயப் படத்துக்குக் கீழே சிவப்பு ஜீரோ வாட் பல்பு. படி பதினாறு. நீ பதினைந்து என்று சண்டை போடுவாய், கடைசிப் படியைத் தரையோடு சேர்த்துவிடுவாய். பூசை முடிந்ததும் உன் அம்மா, மரியாயின் சேனை ஜெபக் கூட்டத்துக்குப் போய்விடுவாள், பன்னிரண்டு மணிக்குத்தான் வருவாள். நீயும் நானும் முன்னால் வந்து வெங்காயம் உரிப்போம். உனக்குக் கண் எரியும் என்று படிக்கட்டில் உட்கார வைத்துவிடுவேன்.

அறை விஷயத்தில் நீ செய்ததே சரி.

ரிட்டயர் ஆகி நாலு வருஷமாகிறது, உருப்படியாக ஒருவர் என்னிடம் கேட்ட தகவல் இதுதான். இன்னும் ஏதாவது வேண்டுமென்றால் எழுது. ஈஸ்டருக்கு வர முடியாது என்று நீ சொன்னதிலிருந்து அம்மா முறுக்குச் சுற்ற மாட்டேன் என்கிறாள். ஒரு வார்த்தை அவளுக்குத் தனியாக எழுதிப் போடு.

அன்பு முத்தங்களுடன்
அப்பா


மால்மோ
16 மார்ச் 2025

அப்பா! முடித்துவிட்டேன்! மூன்று நாளாக நாலு மணி நேரத் தூக்கம்தான். கீழே இருக்கிற லிங்கை என் பழைய லேப்டாப்பில் திறந்தால் போதும். அம்பு போட்ட பட்டன்களை அழுத்தினால் நடக்கும், மவுஸை அசைத்தால் தலை திரும்பும். கட்டாயம் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. நீங்கள் வருகிற இடத்தில் சிரித்தார்கள். ஆமாம், நீங்களும் இருக்கிறீர்கள், போய்ப் பாருங்கள்!

ஜாஸு


முத்தாபுதுப்பேட்டை
18 மார்ச் 2025

ஜாஸ்லின்,

நேற்று மதியம் அம்மா ஆவடி மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது உன் கேமைத் திறந்தேன். முதலில் சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன், திரும்பத் தெரியவில்லை. பிறகு பழகிவிட்டது. கோயில் மணி, வெயில், விமானப்படைத் தளத்துப் பக்கமிருந்து வருகிற இரைச்சல், எல்லாம் அப்படியே இருந்தது. கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். என் வீட்டுக்குள் நானே விருந்தாளி மாதிரி வருகிறேனே என்று சந்தோஷமாக இருந்தது.

அப்போது கூடத்தில் போன் அடித்தது. நம் பழைய போனின் அதே மணி. நிஜமாகவே அடிக்கிறது என்று நினைத்து ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டேன். திரும்ப மாட்டினேன். சமையலறையிலிருந்து ஓர் ஆள் வருகிறார், முகம் தெரியவில்லை. போனை எடுத்து "ராங் நம்பர்" என்று சொல்லி வைக்கிறார். பத்து எண்ணுவதற்குள் மறுபடி மணி. மறுபடி "ராங் நம்பர்". அப்புறம் அந்த ஆள் ஆடும் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

லேப்டாப்பை அப்படியே மூடிவிட்டேன்.

எத்தனை வருஷமாக உனக்குத் தெரியும்? அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாய். தெரிந்துகொண்டே என்னோடு சிரித்துப் பேசினாயா? ஏர்போர்ட்டில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாயே, அப்போதும் தெரியுமா? நேரில் கேட்டிருக்கலாம். ஊரார் சிரிக்கிற இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டாயே.

சரி. பாதி தெரிந்தவளிடம் மீதியை மறைத்துப் பிரயோஜனமில்லை.

கூப்பிட்டது பெனிட்டோதான். 2012 ஜூலையிலிருந்து மறு வருஷம் ஈஸ்டர் வரைக்கும், ஞாயிறு தவறாமல் பதினொரு மணிக்குக் கூப்பிட்டான். எல்லாரும் பூசை முடிந்து வீட்டில் இருப்போம் என்று அவன் கணக்கு. அம்மா மரியாயின் சேனையில் சேர்ந்தது அவனுக்குத் தெரியாது. அவன் திரும்பி வர வேண்டும் என்று ஜெபிக்கத்தான் அவள் அதில் சேர்ந்தாள். அவள் அங்கே முழங்காலில் நின்ற நேரத்தில்தான் அவன் இங்கே கூப்பிட்டான், நான் வைத்தேன்.

ஏன் என்று கேட்பாய். ஆறு வருஷமாகப் பங்குக் கோயிலில் என்னை 'சாமியாரோட அப்பா' என்று கூப்பிட்டார்கள். நான் வேலை பார்த்த ஃபேக்டரியிலும் அப்படித்தான், இந்துப் பையன்கள்கூட மரியாதையாக எழுந்து நிற்பார்கள். அவன் வந்து, "எனக்கு அழைப்பு இல்லப்பா, ஏமாத்திகினு பூசை வைக்க முடியாது" என்றான். ஒரே நாளில் எனக்கு அந்தப் பெயர் போய்விட்டது. வேறு காரணம் எதுவும் இல்லை. எழுதிப் பார்த்தால் எவ்வளவு சின்னதாக இருக்கிறது.

கடைசித் தடவை அவன் அழுதான், அன்று நீ வீட்டில் இல்லை. "அம்மாகிட்ட ஒரு தபா குடு நைனா, அப்புறம் கூப்பிடவே மாட்டேன்" என்றான். நான் சொன்னேன்: "உங்கம்மா பைபிள் மேல சத்தியம் பண்ணிக்கீறா. உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு. வந்துகிந்து தொலைக்காத." அதற்கப்புறம் மணி அடிக்கவில்லை.

அம்மாவிடம் சொல்லிவிடாதே. அவளுக்கு பிரஷர் இருக்கிறது.

அப்பா


மால்மோ
19 மார்ச் 2025

அப்பா,

எனக்கு எதுவுமே தெரியாது.

இதை எப்படிச் சொன்னால் நம்புவீர்கள்? அது ராங் நம்பர் என்றுதான் நேற்று வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவன் ஞாயிறு தவறாமல் தப்பான நம்பருக்கு அடிக்கிறான், எங்கப்பாவும் சலிக்காமல் பதில் சொல்கிறார். அவ்வளவுதான் என் ஞாபகம். வேடிக்கையாக இருக்கட்டும் என்று வைத்தேன். என் குரலையே கம்ப்யூட்டரில் தடிப்பாக்கி நான்தான் "ராங் நம்பர்" என்று பேசினேன். வகுப்பில் போட்டுக் காட்டியபோது எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அப்பா. என் அண்ணன் அம்மாவைக் கேட்டு அழுகிற இடத்தில் நின்று சிரித்திருக்கிறேன்.

உங்கள் மெயிலை நூலகத்தில் படித்தேன். எழுந்து வெளியே போனேன், கோட்டு போடாமல். பக்கத்து மேஜைப் பெண் பின்னாலேயே ஓடி வந்தாள்.

நீங்கள் சொன்ன மாதிரி நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2021இல் அவன் ஃபேஸ்புக்கில் என்னைத் தேடிப்பிடித்து ரெக்வெஸ்ட் அனுப்பினான். கல்யாண போட்டோ பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தான். அம்மாவை மறந்துவிட்டுச் சிரிக்கிறானே என்று ஒரு வார்த்தையும் எழுதாமல் பிளாக் பண்ணினேன். நீங்கள் வைத்த போனை நானும் ஒருமுறை வைத்திருக்கிறேன்.

நேற்று பிளாக்கை எடுத்துவிட்டு அவனுக்கு எழுதினேன். அம்மா எந்தச் சத்தியமும் பண்ணவில்லை, அப்பா சொன்னது பொய் என்று. "இன்னா சொல்ற ஜாஸு?" என்று ஒரு வரி வந்தது. ஒரு மணி நேரம் கழித்து ஒரு போன் நம்பர் அனுப்பினான். கீழே இருக்கிறது.

அவன் எங்கே இருக்கிறான் தெரியுமா? துபாய், மும்பை என்றெல்லாம் நினைத்திருந்தேன். சென்னீர்குப்பத்தில் இருக்கிறான் அப்பா. பூந்தமல்லியில் மெட்ரோ வேலையில் சூப்பர்வைசர். ஏழு வருஷமாக அங்கேதான். நம் வீட்டிலிருந்து ஒரு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ.

அம்மாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள். பிரஷர் என்று சொல்லாதீர்கள், அந்தப் பிரஷர் எதனால் வந்தது?

ஜாஸ்லின்


முத்தாபுதுப்பேட்டை
24 மார்ச் 2025

அன்புள்ள ஜாஸ்லினுக்கு,

சனிக்கிழமை காலையில் சொல்லிவிட்டேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்து, உனக்கு எழுதியதையே ஒன்று விடாமல் சொன்னேன். அழுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கீரையைக் கீழே வைக்கவே இல்லை. விரலில் அப்படியே பிடித்திருந்தாள்.

"எத்தினி தபா கூப்ட்டான்?"

"முப்பது, முப்பத்தஞ்சு தபா இருக்கும்."

"இன்னா பேசுனான்?"

"அம்மா கீறாளான்னு கேப்பான். அதுக்குள்ள வெச்சிடுவேன்."

"நான் சத்தியம் பண்ணேன்னு சொன்னியா?"

கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவள் என்னை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. ஆமாம் என்றேன். "நம்பர் குடு" என்றாள். நானே போட்டுக் கொடுத்தேன். அந்தப் பக்கம் எடுத்ததும் இவள் "பெனி" என்று மட்டும் சொன்னாள். நான் வெளியே போய் நின்றேன்.

பிறகு அவளாகவே வாசலுக்கு வந்து ஒரு விஷயம் சொன்னாள். வருஷா வருஷம் நம் கோயில் திருவிழாவுக்கு அவன் வருவானாம். தேர் நம் தெருவில் திரும்பும்போது கூட்டத்துக்குள் நின்று அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவானாம். அவள் கண்ணில் பட்டால் சத்தியம் முறிந்துவிடும் என்று தலையில் துண்டைப் போட்டுக்கொள்வானாம். போன வருஷம் இவள் பக்கத்திலேயே மெழுகுவர்த்தி பிடித்து நின்றிருக்கிறான். சொல்லி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்காரப் போனாள். பிடிக்கப் போனேன். "தொடாத" என்றாள்.

நேற்று பூசைக்கு வரவில்லை. காலையிலேயே ஒரு பையில் இரண்டு புடவையை வைத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே நடந்தேன். பூந்தமல்லி பஸ் வந்ததும், "நீ வராத" என்று சொல்லி ஏறிக்கொண்டாள்.

நீ ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

அப்பா


முத்தாபுதுப்பேட்டை
7 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜாஸ்லினுக்கு,

உன் பதில் வரவில்லை. அம்மாவோடும் அண்ணனோடும் நீ தினமும் பேசுகிறாய் என்று கேள்விப்பட்டேன், அதுவே போதும். இருந்தாலும் நேற்று நடந்ததை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பெனிட்டோ வந்தான். அம்மாவின் மாத்திரைச் சீட்டும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் எடுக்க வந்தான். கேட்டுக்கு வெளியே பைக்கில் ஒரு பெண் குழந்தை, ஐந்தாறு வயது இருக்கும். பெனிஷா என்று பெயராம், அவன் போனில் யாரிடமோ சொன்னபோது கேட்டேன். அவன் தலை முன்பக்கம் நரைத்துவிட்டது ஜாஸு. போனபோது இருபத்திரண்டு வயது.

"அம்மாவோட ஃபைல் எங்க கீது?" என்றான். பீரோவைத் திறந்து கொடுத்தேன். கைவிரல் என் மேல் படாமல் வாங்கிக்கொண்டான். என் மேல் கோபமாக இருக்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன். கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தபால் ஆபீஸில் எதிரே நிற்கிறவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பதின்மூன்று வருஷமாக மனதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, "சாப்ட்டுப் போயேன்" என்றேன். "இல்ல, பாப்பா வெயில்ல உக்காந்துகினு கீது" என்று சொல்லி நடந்தான்.

உள்ளே ஓடிப்போய் ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்து வந்தேன். குழந்தை அப்பாவைப் பார்த்தது. அவன் ஃபைலை வண்டியில் வைத்துக்கொண்டிருந்தான். வாங்கிக் குடித்தது, பாதித் தண்ணீர் கவுனில் சிந்தியது. சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் எதிரிலேயே அவனிடம் கேட்டது:

"இவரு யாருப்பா?"

"இந்த ஊட்டுக்காரரு" என்றான்.

அதில் பொய் எதுவும் இல்லை.

அவன் வண்டியைக் கிளப்பினான். குழந்தை அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "டாட்டா தாத்தா!" என்றது. வழியில் பார்க்கிற எந்தக் கிழவனையும் குழந்தைகள் அப்படித்தான் கூப்பிடும், எனக்குத் தெரியாதா? நானும் கையை ஆட்டினேன். வண்டி திரும்பி, தெரு காலியான பிறகும் கை கீழே இறங்கவில்லை. எதிர்வீட்டு லோகநாயகி, "இன்னா அண்ணாத்தே, யாரு வந்துட்டுப் போறது?" என்று கேட்டாள்.

என் மகன் என்று சொன்னேன். பேத்தி என்றும் சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா
வேதமுத்து