வெறும் வயிற்றில் பார்த்த விளம்பரம்

உனக்கு,

காலையில் ஆஸ்பத்திரியில் என் முடியை வகிர்ந்து அந்தப் பசையைத் தடவினார்கள். அடிக்கடி வரும் மயக்கத்துக்கு மூளையின் மின்னலைகளைப் பார்க்க வேண்டுமாம். பசையின் வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். மூடிக்கொண்டு உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை சீக்கிரம் போக உனக்கு என்ன அவசரம்?

ஹிஞ்சேவாடி கம்பெனியில் நாம் சேர்ந்து பார்த்த வேலையை யாருக்காவது விளக்குவதற்குள் இப்போதும் நாக்கு வறண்டுவிடுகிறது. பெண்களை உட்கார வைத்து, இதே பசையைத் தடவி, கம்பிகள் தொங்கும் தொப்பியைத் தலையில் மாட்டி, விளம்பரம் போட்டுக் காட்டுவோம். எந்த இடத்தில் அலை துள்ளுகிறதோ அந்த இடத்தை இன்னும் தூக்கலாகக் காட்டச் சொல்லி எழுதிக் கொடுப்போம். என்ன சோதனை என்று வருகிறவர்களிடம் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. சொன்னால் அளவு கெட்டுவிடும் என்பது கம்பெனியின் கணக்கு. நீ ஆஸ்பத்திரியில் இதே கருவியை இயக்கும் வேலை பார்த்துவிட்டு வந்தவள். நான் வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பவள். "வாய்க்கு சம்பளம் வாங்குற ஒரே ஆளு நீதான்" என்று கேலி செய்வாய்.

பிஸ்கட் விளம்பரத்துக்கு ஆள் வேண்டும் என்றபோது நீ குடியிருந்த போபோடியிலிருந்து உங்கள் சந்துத் தமிழ்ப் பெண்களையே அழைத்து வந்தாய். நம் வீட்டுப் பெண் கூப்பிடுகிறாள் என்று ஒரு கேள்வி கேட்காமல் வண்டி ஏறினார்கள். அன்று அலைகள் துள்ளிய துள்ளல்! பிஸ்கட் பாலில் முங்கும் இடத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி. மேலாளர் இனிப்பு வாங்கி வரச் சொல்லிவிட்டார்.

தொப்பியைக் கழற்றும்போதுதான் உங்கள் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்.

"ரிப்போர்ட் எப்பம்மா குடுப்பீங்க? இந்தத் தலைவலிக்கு டாக்டர்கிட்ட காட்டணும். தலைக்கு டெஸ்ட்டுன்னு சொன்னியேன்னு காலைலேர்ந்து சாய்கூட குடிக்கல. நாங்க யாருமே குடிக்கல."

வீட்டுக்காரர்கள் வேலை பார்க்கும் ஃபாக்டரியின் ஆஸ்பத்திரிக்கு ரத்தப் பரிசோதனைக்குப் போவதுபோல வெறும் வயிற்றோடு வந்திருக்கிறார்கள். உன் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. "நாம அளந்தது பிஸ்கட்ட இல்லடி, பசிய" என்றாய் என்னிடம். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, இது வைத்தியம் இல்லை, விளம்பரத்துக்காக என்று எல்லாவற்றையும் சொன்னாய். அக்கா தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

பசியில் எடுத்த அந்த அளவுகளைத் தூக்கிப் போடச் சொல்லி நீ மேலாளரிடம் போனாய். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் அடுத்த குழுவையும் சாப்பிடாமல் வரச் சொல்லிவிடு" என்று இந்தியில் சொன்னார். கோபத்தில் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. நல்ல யோசனை தோன்றிய சந்தோஷம் அவருக்கு.

அடுத்த குழுவுக்கு நீ ஆளுக்கொரு வடாபாவும் சாயும் வாங்கிக் கொடுத்தாய். என்ன சோதனை என்று விளக்கமாகச் சொல்லிவிட்டுத்தான் தொப்பியைத் தொட்டாய். சிலர் வேண்டாமென்று எழுந்து போனார்கள். இருந்தவர்களின் அலைகள் கடைசிவரை சோம்பிக் கிடந்தன. அந்த வாரமே உன்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை போனது உனக்குப் பெரிதாகப் படவில்லை. அக்கா அதன் பிறகு உன்னைக் கண்டால் தலையாட்டுவதோடு நிறுத்திக்கொண்டார். அதுதான் உன்னை அரித்தது.

இப்போது நான் தனியாக, சின்னதாக ஒரு ஆய்வு நிறுவனம் நடத்துகிறேன். நேற்று நொறுக்குத்தீனி கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். பிள்ளைகளை வைத்துச் சோதிக்க வேண்டுமாம், பள்ளி விட்டதும் நேராக வண்டியில் ஏற்றி வந்துவிடலாமாம். ஏன் அந்த நேரம் என்று நான் கேட்கவில்லை. முடியாது என்றேன். மரியாதையாகக் கும்பிட்டுவிட்டுப் போனார். இந்நேரம் வேறு யாராவது சரி என்று சொல்லியிருப்பார்கள்.

அலுத்துவிட்டது எனக்கு. நான் வேண்டாமென்று சொல்வதால் ஒரு விளம்பரமும் நிற்கப்போவதில்லை என்று தெரிந்தே ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். சொல்லி முடித்ததும் கை நடுங்குகிறது, மேஜைக்கடியில் வைத்துக்கொள்கிறேன். வடாபாவ் பொட்டலத்தைப் பிரித்தபோது உன் கை நடுங்கியதா? பக்கத்தில்தான் நின்றிருந்தேன், பார்க்கத் தோன்றவில்லை.