உன் ரத்தத்தோடு வந்த காய்ச்சல்

யேசு மரி சூசை துணை

பிரிக்பீல்ட்ஸ்,
ஆகஸ்டு 1936

அன்பு மகன் இருதயத்துக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் எழுந்து உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறோம், சிங்கப்பூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க வேண்டும். முதலில் ஒன்று. உன் கூட்டாளி கார்த்திகேசுவின் மனைவிக்கு ஆப்பரேசன், ரத்தம் கொடுக்கப் போகிறேன் என்று பெருமையாக எழுதியிருந்தாயே, கொடுக்காதே. கோபப்படாமல் முழுதும் படி.

உன் தங்கை ரோசலினுக்குப் பிள்ளை பிறந்து ரத்தம் நிற்காமல் போனபோது, லீவில் வந்திருந்த நீதான் சட்டைக்கையை மடக்கிக்கொண்டு படுத்தாய், அவள் பிழைத்தாள். நீ ரயிலேறிப் போய்ச் சில வாரத்தில் அவளுக்குக் குளிர் கண்டது, கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடியது. பிரசவக் குளிர்தான் என்று பக்கத்து வீட்டு வீரம்மா சொல்ல, நானும் சுக்கும் மிளகும் காய்ச்சி ஊற்றினேன். வேர்த்து விடும், இரண்டு நாள் சும்மா இருக்கும், மறுபடி வரும். பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு போனோம் ராசா. கடைசியில் டாக்டர் விரலில் குத்தி ரத்தம் பார்த்து மலேரியா என்றார். வீட்டில் வேறு யாருக்கும் இல்லையே என்றேன். ரத்தம் கொடுத்த அண்ணன் எங்கே வளர்ந்தான் என்று கேட்டார். கிள்ளான் ரப்பர் தோட்டத்தில், இவள் பிறக்கும் முன்னே, சின்னதில் வருசம் தவறாமல் குளிர்காய்ச்சல், இப்போது ஆள் எருமை மாதிரி இருக்கிறான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்தக் காய்ச்சல் வருசக்கணக்காக ரத்தத்துக்குள்ளே சத்தமில்லாமல் படுத்திருக்குமாம், கொடுத்தவனுக்குத் தெரியாமலே வாங்கினவளிடம் எழும்புமாம்.

கொயினா மாத்திரை கொடுத்து இப்போது காய்ச்சல் விட்டுவிட்டது, நன்றாகத் தின்கிறாள். சின்ன வயசுல அண்ணன் ஒரு பலாச்சுளை முழுசா குடுத்ததில்ல, இப்ப காய்ச்சலையும் சேர்த்து அள்ளிக் குடுத்துட்டான் என்று வீடு முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறாள். நீ தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடாதே. காய்ச்சல் வருவதற்கு அவளுக்கு ஓர் உடம்பு மிச்சம் இருந்ததே உன்னால்தான். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் காட்டு, கசக்கிறது என்று மாத்திரையைத் துப்பாதே, உன் புத்தி எனக்குத் தெரியும். கார்த்திகேசுவிடம் வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்லி, வேறு ஆள் தேட நீயும் கூடவே அலை.

அப்பாவும் நானும் உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறோம். கொயினாவை மறக்காதே.

உன் அம்மா,
சாந்தமேரி

ரோசலின் இதைப் பிடுங்கிப் படித்துவிட்டு ஒரு வரி சேர்க்கச் சொல்கிறாள். இன்னொரு தடவை அப்படி ஆனாலும் எனக்கு அண்ணன் ரத்தம்தான் வேணும், கொயினாவ நான் முழுங்கிக்கிறேன் என்கிறாள்.